மொட்டை மரத்தில் மொட்டு பார்க்க

குளிர்நாடுகளில் குளிர்காலம் வந்து இலை உதிர்ந்ததும் ‘மரமெல்லாம் மொட்டையாகிவிட்டது’ என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறோம். எனக்கோ மரம் பார்க்க மிகவும் பிடித்த மாதங்கள் இவைதான்.

தினமும் நடக்கிற வழியில் ஒரே ஒரு மரத்தைத் தேர்ந்தெடுங்கள். காலையிலோ மாலையிலோ போங்கள். குளிர்கால வெயில் சாய்ந்து விழுவதால் பட்டையின் ஒவ்வொரு வெடிப்பிலும் நிழல் தங்கும். முதிர்ந்த ஓக் மரத்தின் பட்டை அந்த நேரத்தில் உழுத வயல் மாதிரி இருக்கும். பிர்ச்சின் வெள்ளைப் பட்டையில் குறுக்கே ஓடும் கோடுகள் அது மூச்சுவிடும் துளைகள். பொழுது சாய்ந்ததும் தள்ளி நின்று கிளைகளின் மொத்த வடிவத்தையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

அப்புறம் கிட்டே போங்கள். நான் அதிக நேரம் நிற்பது இங்கேதான். கைக்கு எட்டும் கொப்பை ஒடிக்காமல் பிடித்து நுனியைப் பாருங்கள். அங்கே இருக்கும் மொட்டு போன கோடையிலேயே உருவானது. வரப்போகும் இலைகள் அதற்குள் மடிந்து கிடக்கின்றன. பீச் (beech) மரத்தின் மொட்டு ஈட்டி போலக் கூராக நீண்டிருக்கும். ஐரோப்பிய ஆஷ் மரத்துக்குக் கரிக்கறுப்பு. ஹார்ஸ் செஸ்ட்நட்டின் மொட்டில் பிசின் பளபளக்கும், தொட்டால் ஒட்டும். அதே மரத்தில் இலை விழுந்த தழும்பு அசல் குதிரை லாடம்! ஆணி அடித்ததுபோல அதில் புள்ளிகள்கூட உண்டு. இலைக்கு நீர் போன குழாய்கள் அறுந்த இடம் அவை. உருப்பெருக்கிக் கண்ணாடியில் அதை முதன்முதலாகப் பார்த்த அன்று கையுறையைக் கழற்றி விரலால் தடவிப் பார்த்தேன்.

நுனியிலிருந்து கொஞ்சம் கீழே வந்தால் கொப்பைச் சுற்றி மோதிரம் போல நெருக்கமான கோடுகள் தெரியும். சென்ற வசந்தத்தில் நுனி மொட்டை மூடியிருந்த செதில்கள் உதிர்ந்த இடம் அது. அங்கிருந்து நுனி வரை ஒரு வருட வளர்ச்சி. நான் பார்த்துவரும் மேப்பிளில் ஒரு கொப்பு, ஒரு வருடம் ஒரு சாண் வளர்ந்திருந்தது. மழை பொய்த்த அடுத்த வருடம் இரண்டு விரற்கடைதான்.

சரி, உங்கள் கொப்பில் ஒரு நூலைத் தளர்வாகக் கட்டிவிட்டு வாருங்கள். வாரம் ஒருமுறை அதே மொட்டைப் போய்ப் பாருங்கள். குளிர் தணியும்போது செதில்களுக்கு நடுவே முதலில் மெல்லிய பச்சைக் கோடு ஒன்று எட்டிப்பார்க்கும்.