பழைய டிஎஸ்எல்ஆரைக் கொடுத்துப் பாக்கெட் கேமரா வாங்கும் முன்

டிஎஸ்எல்ஆர் என்பது லென்ஸைக் கழற்றி மாற்றும் பெரிய கேமரா. அதில் ஒன்றான நிகான் டி7000-இன் பாடி, அதாவது லென்ஸ் இல்லாத கேமரா மட்டும், பேட்டரியோடு 780 கிராம். 18-105 லென்ஸ் மாட்டினால் இன்னொரு 420. ஆக 1.2 கிலோ, பை, சார்ஜர் எல்லாம் தனி. கேனான் 60டி-யும் 18-135-உம் வைத்திருப்பவருக்கும் ஏறக்குறைய இதே பாரம்தான். கிருஷ்ணகிரி சையத் பாஷா மலையில் பாதிப் படி ஏறும்போதே கழுத்து வலிக்கும். அடுத்த முறை கேமரா வீட்டிலேயே தங்கிவிடும். பீரோவுக்குள் கிடக்கும் கேமராவில் பூஞ்சை பிடிக்கும், விலையும் வருஷத்துக்கு வருஷம் இறங்கும். 290 கிராம் எடையுள்ள சோனி ஆர்எக்ஸ்100 மார்க் 3 போன்ற ஒன்றுக்கு மாறுவது நல்ல முடிவுதான். ஆனால் மாற்றும்போது இரண்டு இடத்தில் பணம் போகிறது. பாடியையும் லென்ஸையும் ஒரே மூட்டையாக விற்பது ஒன்று. உள்ளே தூசு போன சின்ன கேமராவைத் தெரியாமல் வாங்குவது மற்றொன்று.

பழைய படங்கள் சொல்லும் கணக்கு

எந்தக் கேமரா வாங்குவது என்று யோசிக்கும் முன், கடைசி இரண்டு வருஷத்தில் எடுத்த படங்களைக் கம்ப்யூட்டரில் திறந்து பாருங்கள். விண்டோஸில் ஃபோல்டரை டீட்டெயில்ஸ் வியூவில் வைத்து, மேலே தலைப்பு வரிசையில் ரைட் கிளிக் செய்து, பட்டியலிலிருந்து ஃபோக்கல் லென்த்தை (லென்ஸ் எவ்வளவு தூரம் இழுத்துக் காட்டுகிறது என்ற மி.மீ. எண்) சேர்த்தால் ஒவ்வொரு படத்துக்கும் நேராக 18, 35, 105 என்று எண் வரும். அந்தத் தலைப்பையே ஒருமுறை கிளிக் செய்தால் வரிசைப்படியும் அடுக்கிவிடும். டி7000 போன்ற நிகான் என்றால் எண்ணை 1.5-ஆலும், 60டி போன்ற கேனான் என்றால் 1.6-ஆலும் பெருக்குங்கள். சின்ன கேமராக்களின் பெட்டியில் 24-70, 24-100 என்று போட்டிருப்பது இந்தப் பெருக்கிய கணக்கில்தான்.

பெரும்பாலான படங்கள் 24-க்கும் 70-க்கும் நடுவில் விழுந்தால் ஆர்எக்ஸ்100 மார்க் 3 போதும். 100 வரை வேண்டுமென்றால் கேனான் ஜி7எக்ஸ் மார்க் 2. எல்லாமே 28 பக்கம் குவிந்திருந்தால் ரிக்கோ ஜிஆர் 3-ஐப் பார்க்கலாம். அதில் ஜூம் கிடையாது, ஃப்ளாஷும் கிடையாது. ஆனால் சென்சார் (படம் பதியும் சில்லு) டிஎஸ்எல்ஆர் அளவு, எடை 257 கிராம்.

200-க்கு மேல் எண்கள் நிறைய வந்தால் மாற்ற வேண்டாம். எருது விடும் விழாவில் பாய்ந்து வரும் காளை, கே.ஆர்.பி. அணையில் பறவை, தேன்கனிக்கோட்டை காட்டோரத்தில் தூரத்து யானை, இவற்றுக்குச் சின்ன கேமரா ஒத்துவராது. காரணம் தூரம் மட்டுமில்லை. ஓடும் பொருளைப் பிடிக்கும் ஃபோகஸ் வேகம் இந்த விலையில் வரும் பழைய காம்பாக்ட்களில் கிடையாது.

சென்சார் சின்னது, ஆனால் பயப்பட வேண்டாம்

டி7000 சென்சார் 23.6 × 15.6 மி.மீ. ஆர்எக்ஸ்100, ஜி7எக்ஸ் இரண்டிலும் உள்ள, ஒரு இன்ச் என்று சொல்லப்படும் சென்சார் 13.2 × 8.8 மி.மீ. பரப்பில் மூன்றில் ஒரு பங்குதான். இதைப் பார்த்தே பலர் பின்வாங்குகிறார்கள். லென்ஸையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும். எஃப் எண் சின்னதாக இருந்தால் லென்ஸ் அதிக வெளிச்சம் விடும். கேமராவோடு சேர்ந்து வரும் கிட் லென்ஸ் எஃப்/3.5-இல் தொடங்கி எஃப்/5.6-இல் முடிகிறது. ஆர்எக்ஸ்100 மார்க் 3 எஃப்/1.8 முதல் எஃப்/2.8 வரை. லென்ஸில் கிடைக்கும் இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் இரண்டு மடங்கு வெளிச்சம்), சென்சாரில் இழக்கும் ஒன்றரை ஸ்டாப்பை ஈடுகட்டிவிடுகிறது. பின்னணி மங்குவதும் அப்படியே: அதன் எஃப்/1.8, நிகான் பாடியில் சுமார் எஃப்/3.2 வைத்தது போல வரும். கிட் லென்ஸ் மட்டுமே வைத்திருந்தவருக்கு இதில் நஷ்டம் எதுவும் இல்லை. 50 எஃப்/1.8 லென்ஸ் வைத்துக் குழந்தை முகம் எடுத்துப் பழகியவருக்குத்தான் வித்தியாசம் தெரியும்.

1/2.3 இன்ச் சென்சார் கேமராவுக்கு மட்டும் மாறாதீர்கள். அதன் அளவு 6.2 × 4.6 மி.மீ. கையிலிருக்கும் நல்ல போனே அந்த வேலையைச் செய்யும். பழைய சிசிடி (பழைய வகை சென்சார்) கேமரா என்று இப்போது மோகத்துக்கு விலை ஏற்றி விற்பதும் பெரும்பாலும் இந்த அளவுதான்.

பழையதைப் பிரித்து மதிப்பிடுவது

பாடி, ஒவ்வொரு லென்ஸ், ஃப்ளாஷ், இவற்றைத் தனித்தனியாக எழுதுங்கள். 2010 வாக்கில் வந்த பாடிக்கு இன்று மதிப்பு குறைவு. லென்ஸ் அப்படி இல்லை. 50 எஃப்/1.8, 35 எஃப்/1.8, வெளி ஃப்ளாஷ் இவற்றைக் கல்யாண ஸ்டுடியோக்காரர்கள் இன்றும் கேட்டு வாங்குகிறார்கள். நிகான் 50 எஃப்/1.8-இல் ஒரு நுணுக்கம்: டி என்று முடியும் லென்ஸ் டி90, டி7000-இல் ஆட்டோ ஃபோகஸ் ஆகும். உள்ளே ஃபோகஸ் மோட்டார் இல்லாத டி5100, டி5600 பாடிகளில் ஆகாது. ஜி என்று முடிவது இரண்டிலும் ஆகும். வாங்குபவரிடம் என்ன பாடி என்று முதலிலேயே கேட்டுவிட்டால் பிறகு திருப்பிக் கொண்டுவரும் தகராறு இருக்காது.

ஷட்டர் எத்தனை முறை ஓடியிருக்கிறது என்பது அடுத்த கேள்வி. டி90, 60டி இரண்டுக்கும் கம்பெனி சொல்லும் அளவு 1,00,000. டி7000-க்கும் கேனான் 5டி மார்க் 2-க்கும் 1,50,000. நிகானில் கேமராவிலிருந்து நேராக வந்த ஜேபெக் படத்துக்குள்ளேயே இந்த எண் பதிவாகியிருக்கும். அந்தப் படத்தை வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் எண் அழிந்துவிடும், டாக்குமென்டாக அனுப்புங்கள். 60டி, 5டி மார்க் 2 காலத்து கேனானில் இந்த எண் படத்தில் இருக்காது. யூஎஸ்பி வயரில் இணைத்து அதற்கான சாஃப்ட்வேரில்தான் பார்க்க வேண்டும்.

சென்சார் தூசுக்கு: ஐஎஸ்ஓ (சென்சாரின் வெளிச்ச உணர்திறன்) 100, எஃப்/22, மேனுவல் ஃபோகஸில் வெள்ளைச் சுவரைப் பார்த்துக் கேமராவை லேசாக அசைத்தபடி ஒரு படம். அசைந்தாலும் ஒரே இடத்தில் கரும்புள்ளி நின்றால் அது சென்சாரில் இருப்பது. கையால் அழுத்தும் ரப்பர் புளோயரால் ஊதினால் பாதி போய்விடும். வாயால் ஊதக்கூடாது, எச்சில் துளி ஒட்டிக் காய்ந்தால் துடைத்தால்தான் போகும்.

லென்ஸுக்கு மொபைல் டார்ச் போதும். பின்பக்கத்திலிருந்து வெளிச்சம் விட்டு முன்பக்கத்திலிருந்து சாய்த்துப் பாருங்கள். பூஞ்சை இருந்தால் ஓரத்திலிருந்து சிலந்தி நூல் மாதிரி கிளை கிளையாகத் தெரியும். தூசு வெறும் புள்ளியாக இருக்கும், அதனால் படம் கெடாது. பூஞ்சை இருந்தால் மறைக்காமல் சொல்லி விலையைக் குறையுங்கள். நிகான் பாடிகளில் பிடிமான ரப்பர் உப்பிக் கழன்று வருவது வழக்கம். இரட்டைப் பக்க டேப்பில் ஒட்டிவிடலாம். பலர் இதைப் பெரிய பழுதாகக் காட்டி விலையை அடிப்பார்கள்.

கொடுக்கும் முன் மெனுவில் இருக்கும் உங்கள் பெயரையும் காப்பிரைட் வரியையும் அழித்து, ரீசெட் செய்து, கார்டை எடுத்துவிடுங்கள்.

கடையில் மாற்றுவதா, தனியாக விற்பதா

கடைக்குப் போனால் முதல் கேள்வி, "எக்ஸ்சேஞ்ச் இல்லாமல் ரொக்கத்துக்கு இந்தக் கேமரா என்ன விலை?" அதைத் தெரிந்துகொண்ட பிறகே பழையதைப் பையிலிருந்து எடுங்கள். எக்ஸ்சேஞ்ச் போனஸ் என்று சொல்வது பெரும்பாலும் ரொக்கத்துக்கு வாங்குபவருக்கும் கிடைக்கும் தள்ளுபடிதான். இரண்டு விலையையும் தனித்தனியாக எழுதச் சொன்னால் உண்மை தெரிந்துவிடும்.

தனியாக விற்றால் கூடுதலாகவே கிடைக்கும், நாள்தான் ஆகும். தர்மபுரி, கிருஷ்ணகிரி என்று மட்டும் விளம்பரம் போட்டால் கேட்பவர்கள் குறைவு. கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூரு 90 கிலோமீட்டர்தான். ஓசூரில் சந்திப்பதாகப் போட்டால் அந்தப் பக்கத்து ஆட்களும் வருவார்கள். பகலில், ஆள் நடமாட்டம் உள்ள டீக்கடை மாதிரி இடத்தில் சந்தியுங்கள். "நான் மிலிட்டரியில் இருக்கிறேன், முதலில் க்யூஆர் கோடு அனுப்புகிறேன், ஸ்கேன் பண்ணுங்கள்" என்று ஆரம்பித்தால் போனை வைத்துவிடுங்கள். பணம் வாங்க ஸ்கேனும் பின் நம்பரும் தேவையே இல்லை. ஸ்கிரீன்ஷாட்டை நம்பாமல் உங்கள் வங்கி ஆப்பில் பணம் ஏறியதைப் பார்த்த பிறகு கேமராவைக் கொடுங்கள். சீரியல் நம்பர், தேதி, இரண்டு பேர் கையெழுத்தோடு ஒரு தாள் எழுதிக்கொள்ளுங்கள். நாளைக்கு அந்தக் கேமராவை வைத்து ஏதாவது பிரச்சினை வந்தால் இந்தத் தாள்தான் துணை.

சின்ன கேமராவைக் கையில் வாங்கிப் பார்க்கும்போது

அவசரப்படாமல் இருபது நிமிஷம் ஒதுக்குங்கள். பத்து முறை ஆன் ஆஃப் செய்யுங்கள். லென்ஸ் வெளியே வரும் சத்தம் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி, வழுக்கிக்கொண்டு வர வேண்டும். கரகரவென்று மணல் அரைபடும் சத்தம் வந்தால் உள்ளே தூசு போயிருக்கிறது. கிரானைட் குவாரி பக்கமோ மண்சாலையிலோ பயன்படுத்திய கேமராவில் இது சகஜம். கொஞ்ச நாளில் லென்ஸ் பாதியில் நின்று, ஆஃப் செய்து ஆன் செய்யச் சொல்லித் திரையில் எழுத்து வரும். அந்தப் பழுதைச் சரிசெய்ய ஆகும் செலவுக்கு இன்னொரு பழைய கேமராவே வாங்கிவிடலாம்.

அடுத்தது சென்சார் தூசு. டிஎஸ்எல்ஆரில் லென்ஸைக் கழற்றி ஊதிவிடலாம், இதில் முடியாது; முழுவதும் பிரித்தால்தான் உண்டு. ஜூமை முழுவதும் இழுத்து, எஃப்/11 வைத்து, வானத்தை ஒரு படம் எடுத்துத் திரையில் பெரிதாக்கி மூலை மூலையாகப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் வட்டக் கறை தெரிந்தால் அது தூசு. விற்பவர் "துடைத்தால் போய்விடும்" என்பார். போகாது.

பிறகு ஒரு செய்தித்தாளைச் சுவரில் ஒட்டி, நேராக நின்று, ஜூம் இல்லாமல், லென்ஸை முழுசாகத் திறந்து (எஃப் எண்ணை இருப்பதிலேயே சின்னதாக வைத்து) எடுங்கள். நான்கு மூலையும் லேசாக மங்கலாக இருந்தால் இயல்பு. ஒரு மூலை மட்டும் கலங்கியிருந்தால் கேமரா எப்போதோ கீழே விழுந்திருக்கிறது. சாயும் திரையை மேலும் கீழும் ஆட்டும்போது படம் மினுங்கினால் உள்ளே ரிப்பன் வயர் கிழிந்துகொண்டிருக்கிறது. பேட்டரி தானாக வெளியே வழுக்க வேண்டும்; இறுகி நின்றால் உப்பியிருக்கிறது.

சோனி வாங்குபவர்கள் மெனு மொழியைக் கட்டாயம் பாருங்கள். ஜப்பானில் விற்க என்று செய்த சோனி கேமராக்களில் ஜப்பானிய மொழி மட்டுமே இருக்கும், செட்டிங்கில் மாற்ற வழியில்லை. விலை மற்றதைவிடச் சட்டென்று குறைவாக இருந்தால் முதலில் இதைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

வாங்கிய பிறகு

பேட்டரிதான் முதல் ஏமாற்றம். டி7000 ஒரு சார்ஜில் 1,050 படம் தரும் என்று கணக்கு. ஆர்எக்ஸ்100 மார்க் 3 320, ஜிஆர் 3 200. கூடுதலாக இரண்டு பேட்டரி வாங்கியே ஆக வேண்டும். அந்தச் செலவையும் முதலிலேயே பட்ஜெட்டில் சேருங்கள்.

ஆட்டோ ஐஎஸ்ஓ மேல் எல்லையை 3200-இல் நிறுத்துங்கள். ஆள் படங்களுக்குக் குறைந்த ஷட்டர் வேகம் 1/125. கல்யாண மண்டப எல்ஈடி விளக்கில் படத்தில் பட்டை விழுந்தால் வேகத்தை 1/50 அல்லது 1/100 ஆக்குங்கள்; நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். வீடியோவுக்கும் அதே காரணத்தால் மெனுவில் உள்ள பிஏஎல் முறையே (50 ஹெர்ட்ஸுக்கு ஏற்றது) சரி.

சட்டைப் பையில் வெறுமனே போடாதீர்கள். அங்கிருக்கும் பஞ்சுதான் லென்ஸ் குழாய் வழியாக உள்ளே போகிறது. சின்னத் துணிப்பை ஒன்று போதும். இந்தக் கேமராக்கள் எதற்கும் தண்ணீர் தடுப்பு கிடையாது. ஒகேனக்கல்லில் பரிசல் ஏறும் முன் ஜிப் கவரில் போட்டு மூடிவிடுங்கள். அருவிச் சாரல் அடிக்கும் தூரத்தில் லென்ஸை வெளியே நீட்ட வேண்டாம். தொங்கு பாலத்திலிருந்து, காற்று எதிர்ப்பக்கம் வீசும்போது எடுத்துக்கொள்ளலாம். வீட்டுக்கு வந்ததும் கவரிலிருந்து எடுத்து, பேட்டரிக் கதவைத் திறந்து, ஒரு ராத்திரி சிலிக்கா ஜெல் பாக்கெட்டோடு மூடிய டப்பாவில் வையுங்கள்.