சளிக்குத் தேநீர்: ஃபிளாஸ்க்கில் நடக்கும் தவறுகள்

ஐப்பசி மழை தொடங்கினால் எங்கள் ஆசிரியர் அறையில் ஃபிளாஸ்க்குகள் வரிசை கட்டிவிடும். போன வாரம் புதிதாகச் சேர்ந்த ஆசிரியை ஒருவர் மூடியைத் திறந்ததுமே வாசனை பிடிபட்டது. அதிமதுரம்.

"எத்தனை நாளா குடிக்கிறீங்கம்மா?"

"பத்து நாளா சார். தொண்டைக்கு இதமா இருக்கு. தினம் மூணு வேளை."

எனக்குப் பகீரென்றது. ஆறிப்போனதைக் குடிப்பது, சர்க்கரையை அள்ளிக் கொட்டுவது எல்லாம் ஊருக்கே தெரிந்தவை, விட்டுவிடுகிறேன்.

அதிமதுரத்தை நாள்கணக்கில் குடிப்பது

இதே தவற்றை நானும் செய்தேன். ஒரு மார்கழியில் குரல் கட்டிக்கொண்டது. நாட்டு மருந்துக் கடையில் அதிமதுரம் வாங்கி, தட்டிப்போட்டுக் காய்ச்சி, தண்ணீருக்குப் பதில் அதையே குடித்தேன். இனிப்பாக வேறு இருக்கும், சர்க்கரையும் மிச்சம். மூன்றாவது வாரம் செருப்பு வார் காலில் பதிந்து தடம் விழுந்தது. மாடிப்படி ஏறினால் தொடை துவண்டது. பரிசோதித்தால் ரத்த அழுத்தம் 160/100, பொட்டாசியம் குறைந்திருந்தது. மருத்துவர் மாத்திரைச் சீட்டைத் தொடாமல், "என்ன கஷாயம் குடிக்கிறீங்க?" என்றுதான் முதலில் கேட்டார்.

அந்த இனிப்புக்குக் காரணமான கிளைசிரைசின்தான் வில்லன். உப்பையும் நீரையும் உடம்பில் தேக்கிவைத்து, பொட்டாசியத்தைச் சிறுநீரில் வெளியேற்றிவிடும். 40 வயது தாண்டியவர்கள் தினமும் 57 கிராம் கறுப்பு அதிமதுர மிட்டாயை இரண்டு வாரம் தின்றால் இதயத் துடிப்பே தடுமாறலாம் என்று அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. எச்சரித்திருக்கிறது. இரண்டு மூன்று நாள், ஒரு வேளை, ஒரு சின்னத் துண்டு என்றால் பெரும்பாலானோருக்குப் பாதகமில்லை. பிரஷர் உள்ளவர்கள், நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுபவர்கள், கர்ப்பிணிகள் அதைக்கூடத் தொட வேண்டாம். இதைச் சொன்னால், "மூலிகைதானே சார், என்ன பண்ணும்?" என்பார்கள். அந்தக் கேள்வியைக் கேட்டாலே இன்றும் எரிச்சல் வருகிறது.

பச்சை இஞ்சியைப் பாலில் போடுவது

பால் திரிந்துவிடும். இஞ்சியில் புரதத்தை உடைக்கும் நொதி இருக்கிறது. நன்றாகக் கொதித்தால் அது செயலிழந்துவிடும். அதனால் இடித்த இஞ்சியை ஐந்து நிமிடம் தண்ணீரில் கொதிக்கவிட்டு, அப்புறம் பாலை ஊற்றுங்கள். நான் இரண்டு முறை அரை லிட்டர் பாலைத் திரித்து, பால்காரரைத் திட்டியிருக்கிறேன். பாவம் அவர்.

சுக்கைத் தோலோடு தட்டுவது

'சுக்குக்குப் புறநஞ்சு' என்பார்கள் பெரியவர்கள். கடைச் சுக்கில் வெளுப்புக்காகச் சுண்ணாம்பு பூசியிருப்பதும் உண்டு. கத்தியால் சுரண்டிவிட்டுத் தட்டுங்கள்.

துளசியைக் கொதிக்கவிடுவது

மணம் சமையலறையோடு போய்விடும். அடுப்பை அணைத்தபின் இலையைப் போட்டு மூடிவையுங்கள். கற்பூரவல்லிக்கும் இதே கதைதான்.

ஒரு வயதுக்குள் தேன்

ஒரு சொட்டுகூடக் கூடாது.

கஷாயம் சளியைக் குணமாக்கும் என்று காத்திருப்பது

ஆக்காது. தொண்டைக்கு இதம், உடம்புக்கு நீர்ச்சத்து, அவ்வளவுதான். மூச்சு வாங்கினாலோ, மூன்று நாளாகியும் காய்ச்சல் விடாவிட்டாலோ ஃபிளாஸ்க்கை வைத்துவிட்டு மருத்துவரிடம் போங்கள்.