மதியத் தூக்கத்துக்குள் ஒரு சிறுகதை: சின்னப் பிள்ளையை வைத்துக்கொண்டு எழுதும் முறை

"பிள்ளை பிறந்தப்புறம் எழுதுறதே நின்னுபோச்சு. நீங்க மட்டும் எப்படிக்கா எழுதுறீங்க?" என்று கேட்கும் தோழிகளுக்காக இதை எழுதுகிறேன். பாப்பாவுக்கு இப்போது இரண்டரை வயது. நான் எழுதுவது சிறுகதை. அதற்கு ஒத்துவந்த முறை இது.

அதிகாலை நாலு மணிக்கு எழுந்து எழுதுங்கள் என்று சொல்லமாட்டேன். நீங்கள் நாலு மணிக்கு எழுந்தால் பிள்ளை நாலே காலுக்கு எழுந்துகொள்ளும். பக்கத்தில் அம்மா சூடு இல்லை என்றால் அதுகளுக்கு எப்படியோ தெரிந்துவிடுகிறது.

போனில் தமிழ் கீபோர்டு போடுவது, கூகுள் டாக்ஸ் திறப்பது எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

படி 1: கதையைக் காட்சிகளாக உடையுங்கள்

நாவலை இப்போதைக்கு மூட்டை கட்டி வையுங்கள். கனடா எழுத்தாளர் ஆலிஸ் மன்றோ, பிள்ளைகள் தூங்குகிற நேரத்தில்தான் எழுதினார். நாவலுக்கு நேரம் கிடைக்காததால்தான் சிறுகதைப் பக்கம் வந்ததாக அவரே சொல்லியிருக்கிறார். அந்தச் சிறுகதைகளுக்குத்தான் 2013இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். அதனால் 'சிறுகதைதானே' என்று யாராவது இழுத்தால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

ஒரு கதைக்கு ஆறேழு காட்சி. ஒவ்வொன்றும் 250, 300 வார்த்தை. காட்சிக்கு ஒரு வரி வீதம் ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள், பிள்ளை கைக்கு எட்டாத உயரத்தில். யார், எங்கே, இந்தக் காட்சி முடியும்போது என்ன மாறியிருக்கிறது, அவ்வளவு போதும்.

படி 2: எந்த வேலைக்கு எது வேண்டும்

எழுதுவது என்று நாம் சொல்வது ஒரே வேலை இல்லை. யோசிப்பதற்கு மனசு மட்டும் போதும், கை எதில் வேண்டுமானாலும் இருக்கலாம். துணி காயப்போடும்போது, வெங்காயம் உரிக்கும்போது, பிள்ளையை மடியில் போட்டுத் தட்டும்போது யோசிக்கலாம். வாயால் சொல்லிப் பதிவதற்குக் கொஞ்சம் தனிமை வேண்டும். தட்டச்சுக்கு இரண்டு கையும் நிசப்தமும் வேண்டும். திருத்துவதற்குக் கண்ணும் ஒரு பென்சிலும் இருந்தால் ஆயிற்று, பிள்ளை பக்கத்திலேயே விளையாடலாம்.

பிள்ளை தூங்கும் நேரத்தை யோசிப்பதில் செலவழிக்காதீர்கள். அது தட்டச்சுக்கு மட்டும்.

படி 3: குரலில் முதல் வரைவு

கூகுள் தமிழுக்குக் குரல் தட்டச்சு கொடுத்தது 2017இல். கீபோர்டில் மைக்கை அழுத்திவிட்டுப் பேசினால் போதும். ஆனால் கதை சொல்லும்போது சில தொல்லைகள் உண்டு.

வட்டார வழக்கில் பேசினால் தடுமாறும். 'வலி தாங்கல' என்று நான் சொன்னது 'வழி தாங்கள்' என்று வந்து நின்றது. அதனால் விவரணையை மட்டும் எழுத்துத் தமிழை ஒட்டிச் சொல்லுங்கள். வசனம் வரும் இடத்தில் 'இங்கே சண்டை' என்று மட்டும் சொல்லிவிட்டு நகருங்கள், அதைக் கையால் எழுதிக்கொள்ளலாம். கிசுகிசுவென்று பேசினாலும் அதற்குப் பிடிபடாது. பிள்ளை தோளில் தூங்கும்போது சாதாரண வாய்ஸ் ரெக்கார்டரில் முணுமுணுத்து வைப்பதே மேல்.

அடுத்தது பத்தி பிரிப்பது. நான் பேசுவதெல்லாம் புள்ளி, கமா இல்லாமல் ஒரே ரயிலாக வந்து விழும். அதற்கு ஒரு வழி: கதையில் வரவே வராத ஒரு சொல்லை வைத்துக்கொள்ளுங்கள். என் சொல் 'கத்திரிக்காய்'. பத்தி முடிந்ததும் கத்திரிக்காய் என்பேன். பிறகு கோப்பை வேர்டில் திறந்து, கண்டுபிடித்து மாற்றும் பெட்டியில் கத்திரிக்காயைக் கொடுத்து, மாற்றுச் சொல் வரும் இடத்தில் 'ஸ்பெஷல்' பட்டனை அழுத்தி 'பாராகிராஃப் மார்க்' தேர்ந்தெடுத்தால், மொத்தமும் பத்தி பத்தியாகப் பிரிந்துவிடும். (பாப்பா இப்போது விளையாட்டுப் போனைக் காதில் வைத்து ஏதேதோ பேசிவிட்டு, கடைசியில் கத்திரிக்காய் என்று சொல்லித்தான் வைக்கிறாள்.)

படி 4: எழுந்திருக்கும் முன் ஒரு வால் விடுங்கள்

இந்தப் படியில்தான் நான் மாசக்கணக்கில் சிக்கிக் கிடந்தேன். அதனால் நீட்டித்தான் சொல்லப்போகிறேன்.

பிள்ளை வளர்ப்பவர்களுக்கு நேரம் குறைவு என்பது எல்லாருக்கும் தெரியும். அதைவிடப் பெரிய சிக்கல், விட்ட இடத்தைத் திரும்பப் பிடிப்பது. நடுவில் சோறு ஊட்டி, கால் கழுவி, பூங்கா போய், காய்ச்சல் பார்த்து, நாலு நாள் கழித்துக் கோப்பைத் திறந்தால் கதையில் இருப்பவர்கள் எல்லாம் அந்நியர்களாக இருப்பார்கள். முதலில் இருந்து படிக்க ஆரம்பிப்போம். படித்து முடிக்கும்போது உள்ளே இருந்து 'அம்மா...' என்று குரல் வரும்.

அதற்குத்தான் வால். பிள்ளை புரண்டு படுக்கும் சத்தம் கேட்டதும், எழுதிக்கொண்டிருக்கும் வாக்கியத்தை முடிக்கப் பார்க்காதீர்கள். பாதியில் விட்டுவிட்டு அதன் கீழே இரண்டு மூன்று வரி எழுதுங்கள். முக்கியம், 'இந்தக் காட்சியை முடிக்கணும்' என்று எழுதக்கூடாது. அது வேலைப்பட்டியல், அதை வைத்து ஒரு வரிகூட எழுத முடியாது. என் கோப்பில் இருந்து ஒரு வால்:

"பேச்சியம்மா ரேஷன் கடை வரிசையில் முன்னால் வந்துட்டா. கைரேகை விழல. சேலை முந்தானையில விரலைத் துடைக்கிறா. அடுத்து: பின்னால நிக்கிறவ 'எண்ணெய்க் கையோட வந்தியாக்கா'ன்னு கேக்கிறா. பேச்சிக்குக் கோபம் வரல, வெக்கம் வருது."

ஆள் எங்கே நிற்கிறாள், உடம்பு என்ன செய்கிறது, அடுத்துக் காதில் விழும் வசனம் என்ன, அதற்கு அவள் மனசில் என்ன ஓடுகிறது, இந்த நாலும் இருந்தால் போதும். மறுபடி உட்காரும்போது மேலே எதையும் படிக்காமல் அந்த வசனத்தைத் தட்டச்சு செய்துவிட்டு ஓட ஆரம்பிக்கலாம். அவசரத்தில் தட்டச்சு செய்ய முடியாவிட்டால் குரலிலாவது பதிந்துவிட்டு எழுந்திருங்கள். பிள்ளை ஒரு நிமிஷம் சிணுங்கினால் ஒன்றும் ஆகிவிடாது.

படி 5: தூங்கியதும் என்ன செய்வது

தூங்க வைக்கப் போகும் முன்பே லேப்டாப்பைத் திறந்து, வால் தெரியும்படி வைத்துவிட்டுப் போங்கள். காலிங் பெல் சுவிட்சை அணையுங்கள். குக்கரை ஏற்றாதீர்கள். பாத்திரம் சிங்க்கில் கிடக்கட்டும், பிள்ளை முழித்திருக்கும்போதும் பாத்திரம் தேய்க்க முடியும், கதை எழுத முடியாது.

தட்டச்சுக்கு என் ஓட்டு தமிழ்99க்குத்தான். 1999இல் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட விசைப்பலகை அது. ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழாக்கும் முறையில் பழகியவர்கள் முகம் சுளிப்பார்கள், ஒரு வாரம் கை வலிக்கத்தான் செய்யும். ஆனால் 'பக்கம்' என்று அடிக்கும்போது க-வை இரண்டு முறை தட்டினால் புள்ளி தானாக விழும். ந-வும் த-வும் அடுத்தடுத்து வந்தால் 'ந்த' தானாக வரும். போனில் செல்லினம் செயலியிலும் இந்த அமைப்பு இருக்கிறது. ஒரு கையில் பிள்ளை, இன்னொரு கையில் கட்டைவிரல் மட்டும் என்கிறபோது ஒவ்வொரு தட்டு மிச்சமாவதும் லாபம்தான்.

படி 6: திருத்தம், காகிதத்தில்

பெரிய எழுத்தில், இடைவெளி விட்டு, ஒருபக்கமாகப் பிரிண்ட் எடுங்கள். திரையில் திருத்தினால் பிள்ளைக்கும் திரை வேண்டும். காகிதம் என்றால் பின்பக்கத்தை அவளுக்குக் கொடுத்துவிடலாம். என் கதைகளின் பின்பக்கம் முழுக்க ஊதா நிறத்தில் யானை இருக்கிறது, அவள் யானை என்கிறாள்.

பின்சேர்க்கைகள்

*வீட்டில் மாமியார் எதிரில் போனில் கதை சொல்லக் கூச்சமாக இருக்கிறது* என்று ஒருவர் எழுதியிருந்தார். இயர்போனை மாட்டிக்கொண்டு, போன் பேசுவதுபோல் நடந்துகொண்டே சொல்லுங்கள். எங்கள் அத்தை கொஞ்ச நாள் கழித்து, "அந்தப் பேச்சியம்மா யாருடி, ரொம்பக் கஷ்டப்படுறா போல" என்று கேட்டார்கள். ஒளிக்க ஒன்றும் இல்லாமல் போயிற்று.

*குழந்தை போனை எடுத்துக் குறிப்பை அழித்துவிட்டது.* கூகுள் கீப் என்ற குறிப்புச் செயலியில் அழிந்த குறிப்பு குப்பையில் 7 நாள்தான் இருக்கும். டாக்ஸ் கோப்பு என்றால் டிரைவின் குப்பையில் 30 நாள் இருக்கும். கோப்புக்குள் எழுத்து அழிந்தாலும் பழைய பதிப்பை மீட்கலாம். அதனால்தான் நான் டாக்ஸை விடுவதில்லை. நெட் இல்லாத இடத்திலும் திறக்கும்படி அமைத்துக்கொள்ளுங்கள்.

*பிள்ளை கையில் போனைக் கொடுத்துவிட்டு எழுதினால் என்ன?* உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னபடி, 2 முதல் 4 வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை கூடாது. குறைந்தால் நல்லது. என் பிரச்சினை அதைவிட நேரடியானது: போன்தான் என் நோட்டுப்புத்தகம், அதைக் கொடுத்துவிட்டால் நான் எதில் எழுதுவது?

*வீட்டுக்காரர் உதவுவதில்லை.* "கொஞ்சம் பாத்துக்கோங்க" என்று சொல்லாதீர்கள், அந்தக் கொஞ்சம் பத்து நிமிஷத்தில் முடிந்துவிடும். "சனிக்கிழமை பத்துல இருந்து பன்னெண்டு வரைக்கும் பாப்பா உங்க பொறுப்பு, சாப்பாடு, கக்கா எல்லாம் சேர்த்து" என்று சொல்லிவிட்டு வீட்டை விட்டு வெளியே போய்விடுங்கள். வீட்டுக்குள்ளேயே வேறு அறையில் உட்கார்ந்தால் செல்லாது, டயப்பர் எங்கே என்று கேட்டு வருவார்கள். நான் மதுரையில் நத்தம் சாலை கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்குப் போகிறேன். 2023இல் திறந்தது. குழந்தைகளுக்குத் தனிப் பகுதி இருப்பதால் சில வாரம் மூவருமே போய், அவர்கள் இருவரும் அங்கே, நான் வேறு மாடியில்.

*மதியத் தூக்கமே நின்றுவிட்டது, இப்போது என்ன செய்ய?* மூன்று வயதுக்கு மேல் பல பிள்ளைகளுக்கு நிற்கும். அப்படியானால் படி 5ஐ அங்கன்வாடி நேரத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். அதுவும் இல்லாத வீட்டில் இரவுத் தூக்கம் முன்னால் வரும், எட்டு மணிக்கே சாய்ந்துவிடுவார்கள். அந்த ஒரு மணி நேரத்தைப் பிடியுங்கள், சீரியல் சத்தத்தைக் குறைக்கச் சொல்லி. வால் மட்டும் எந்த நேரத்துக்கும் அதேதான்.