கிரீன்லாந்தின் அருமண் தனிமங்கள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிரீன்லாந்தின் பனிப்பாளத்துக்கு அடியில் அருமண் தனிமங்கள் (காந்தம், மின்மோட்டார் போன்றவற்றுக்கு வேண்டிய உலோகங்கள்) புதையலாகக் கிடக்கின்றன, பனி உருகினால் அள்ளிக்கொள்ளலாம் என்று எழுதுவதை முதலில் விட்டுவிடுங்கள். அதிகம் பேசப்படும் குவானஃபெல்ட், கிரிங்லெர்ன ஆகிய இரண்டு படிவுகளும் தென் கிரீன்லாந்தில், பனிப்பாளம் மூடாத கடலோர மலைகளில் இருக்கின்றன. ஆர்க்டிக் வட்டத்துக்கும் தெற்கே. குவானஃபெல்டுக்குப் பக்கத்திலேயே நர்சாக் என்ற ஊர் இருக்கிறது. சுற்றிலும் செம்மறி ஆடு வளர்க்கிறார்கள்.

அடுத்த தவறுதான் பெரியது. குவானஃபெல்டில் சுமார் 100 கோடி டன் தாது, அதில் ஏறக்குறைய 1 சதவீதம் அருமண் ஆக்சைடு என்ற கணக்கை மட்டும் பார்த்துவிட்டு, எல்லாம் கைக்கு வந்துவிட்டதாக நினைப்பது. எவ்வளவு இருக்கிறது என்பதைவிட, எந்தக் கனிமத்துக்குள் இருக்கிறது என்பதே முக்கியம்.

இரண்டு படிவுகளும் இலிமாவுசாக் என்ற பாறைத்தொகுதியைச் சேர்ந்தவை. சுமார் 116 கோடி ஆண்டுகளுக்கு முன், கண்டம் பிளவுபட்ட பகுதியில், சோடியம் மிகுந்த பாறைக்குழம்பு மேலேறி மெல்ல உறைந்தது. அருமண் அயனிகள் பெரியவை, மின்சுமையும் அதிகம். சாதாரணக் கனிமங்களின் படிகத்துக்குள் அவற்றுக்கு எளிதில் இடம் கிடைப்பதில்லை. அதனால் உறையாமல் மிஞ்சிய குழம்பிலேயே சேர்ந்துகொண்டே போய், கடைசியில் ஸ்டீன்ஸ்ட்ருப்பின், யூடியலைட் போன்ற அபூர்வக் கனிமங்களில் அடைக்கலமாயின. கிரிங்லெர்ன மலைச்சரிவில் கறுப்பு, சிவப்பு, வெள்ளை அடுக்குகள் திரும்பத் திரும்ப வரும். அந்தச் சிவப்புதான் யூடியலைட். பார்க்க அத்தனை அழகு!

ஆனால் உலகச் சந்தைக்கு வரும் அருமண்ணில் பெரும்பகுதி பாஸ்ட்னசைட், மோனசைட் என்ற கனிமங்கள், தென்சீனக் களிமண் ஆகியவற்றிலிருந்து வருகிறது. அவற்றைப் பிரிக்கும் வழி பல காலமாகக் கைவந்தது. யூடியலைட் அமிலத்தில் எளிதாகக் கரையும், சரி. அப்புறம் அதிலுள்ள சிலிக்கா கூழாகி வடிகட்ட விடாமல் அடைத்துக்கொள்ளும்.

இரண்டு படிவுகளையும் ஒன்றாகச் சேர்த்துப் பேசவும் கூடாது. குவானஃபெல்ட் தாதுவில் யுரேனியமும் தோரியமும் கலந்திருக்கின்றன. தாதுக்கழிவு தங்கள் மண்ணிலும் நீரிலும் கலந்துவிடும் என்று நர்சாக்கில் பலர் அஞ்சினார்கள். அது நியாயமான அச்சம். வளர்ச்சிக்குத் தடை என்று ஒதுக்கத்தக்கதல்ல. கிரீன்லாந்தின் 2021 தேர்தலில் இதுவே பெரிய பிரச்சினையானது. அதே ஆண்டு, 100 பிபிஎம்-க்கு (பத்து லட்சத்தில் 100 பங்கு) மேல் யுரேனியம் உள்ள படிவுகளுக்குச் சட்டம் தடை போட்டது. கிரிங்லெர்னவில் யுரேனியம் குறைவு. டிஸ்ப்ரோசியம் போன்ற கன அருமண்களின் (அணு எடை கூடியவை) பங்கும் அதிகம்.

வட சுவீடனின் இரும்புச் சுரங்க ஊரான கிருனாவை இதே கதையாகச் சொல்வதும் தவறு. அங்கே அருமண் இரும்புத்தாதுவோடு வரும் அபடைட் என்ற பாஸ்பேட் கனிமத்தில் இருக்கிறது. துணைப்பொருளாகத்தான் எடுக்க வேண்டும். 2023 ஜனவரியில் 10 லட்சம் டன்னுக்கு மேல் அருமண் ஆக்சைடு இருப்பதாக அறிவித்த எல்கேஏபி என்ற சுவீடன் அரசுச் சுரங்க நிறுவனமே, தாது சந்தைக்கு வரக் குறைந்தது 10 முதல் 15 ஆண்டுகள் ஆகும் என்றும் சொன்னது.