நகைச்சுவை எல்.பி.யைக் கணினிக்கு மாற்றும் முறை

மாண்டி பைதான் என்ற பிரிட்டிஷ் நகைச்சுவைக் குழுவின் பழைய காட்சிகளைத் தொகுத்து 1987-இல் வந்த ‘தி ஃபைனல் ரிப் ஆஃப்’ இரண்டு எல்.பி. தட்டுகள் (நீண்ட நேரம் ஓடும் இசைத்தட்டுகள்) கொண்டது. பாட்டுத் தட்டைப் பதிவதுபோல இதைப் பதிந்தால் நகைச்சுவையே கெட்டுவிடும்.

தட்டைக் கார்பன் பிரஷ்ஷால் துடைத்து நிமிடத்துக்கு 33⅓ சுற்று வேகத்தில் ஓட விடுங்கள். ஊசி அழுத்தம் கார்ட்ரிட்ஜுக்கு (ஊசியைத் தாங்கும் சிறு பாகத்துக்கு) சொல்லப்பட்ட அளவில் இருக்கட்டும். பலவற்றுக்கு 2 கிராம் அளவில் வரும். குறைத்து வைத்தால் ‘ஸ’, ‘ஷ’ ஒலிகள் கரகரக்கும். ஃபோனோ பிரீஆம்ப் (தட்டின் மெல்லிய ஒலிக்குறிப்பைப் பெருக்கிச் சீராக்கும் கருவி) இல்லாமல் நேரே கணினியில் செருகினால் ஒலி சன்னமாக, தகரம்போலக் கேட்கும்.

பதிவு 24 பிட்டில் இருக்கட்டும். முதலில் ஒரு பக்கம் முழுக்க ஓடவிட்டு, மிகப் பெரிய கத்தல் மைனஸ் 6 டெசிபலை (உச்ச எல்லைக்கு 6 டெசிபல் கீழே) தாண்டாதபடி அளவை வையுங்கள். மெல்லிய பேச்சை வைத்து அளவை ஏற்றினால் அடுத்து வரும் அலறல் உடைந்துபோகும். உடைந்ததைப் பிறகு சரிசெய்ய முடியாது.

பதிவைக் காட்சி காட்சியாகப் பிரிப்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். மௌனத்தைக் கண்டுபிடித்துத் தானாக வெட்டும் வசதி, சிரிப்புக்கு முந்தைய இடைவெளியையும் காட்சியின் முடிவென்று எடுத்துக்கொள்ளும். காதால் கேட்டுக் கையால் குறியிடுங்கள். நாய்ஸ் கேட் (மெல்லிய ஒலிகளைத் தானாக அடக்கிவிடும் வசதி) வேண்டவே வேண்டாம்: வசனங்களுக்கு நடுவே அரங்கின் மூச்சு செத்துவிடும். கீறல் சத்தங்களை அகற்றும் கிளிக் நீக்கியையும் குறைவாகவே வையுங்கள்; கைதட்டலைக் கீறல் என்று நினைத்து மழித்துவிடும்.

இதே குழுவின் 1973 தட்டு ஒன்றில் ஒரே பக்கத்தில் இரண்டு தனித்தனிப் பள்ளங்கள் உண்டு. ஊசி விழும் இடத்தைப் பொறுத்து வேறு காட்சிகள் ஓடும். இரண்டும் கிடைக்கும்வரை ஊசியை மறுபடி மறுபடி வையுங்கள்.