கேபிள் இழுத்ததும் சரியான வைஃபை

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டு முன் அறையில் வைஃபை நன்றாக வரும். பின்கட்டில் மகளின் இணைய வகுப்புதான் பாதியில் நின்றுவிடும். கடைக்காரர் சொல்லி, வைஃபை சிக்னலைப் பெற்று மறுபடி அனுப்பும் ரிப்பீட்டர் கருவியை மாட்டினோம். சிக்னல் கோடுகள் நிறைந்தன, வேகமோ பாதியாகிவிட்டது. விலை குறைந்த ரிப்பீட்டர் சிக்னலைப் பெறுவதும் அனுப்புவதும் ஒரே சேனலில்தான், அதாவது ஒரே அலைத்தடத்தில்தான். இரண்டையும் ஒரே நேரத்தில் அதனால் செய்ய முடியாது. பெட்டியில் இதை யாரும் எழுதுவதில்லை, எனக்கு அதில் கோபம்தான்.

எங்கள் வைஃபையின் இரண்டு அலைவரிசைகளில் 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் செங்கல் சுவரில் திணறும். 2.4 சுவரைத் தாண்டும். அங்கே பக்கத்து வீட்டு ரவுட்டர், புளூடூத், மைக்ரோவேவ் என ஒரே நெரிசல்.

அப்புறம் ரவுட்டரிலிருந்து கூரை ஓரமாக கேபிள் இழுத்து, அதே ரிப்பீட்டரை, கேபிளில் வரும் இணையத்தை வைஃபையாகத் தரும் ஆக்சஸ் பாயின்ட்டாக மாற்றினேன். 2.4-க்கு 1, 6, 11 சேனல்களில் கூட்டம் குறைந்ததைத் தேர்ந்தெடுத்தேன். இவை மூன்றும் ஒன்றோடொன்று மோதாது. சுவரில் துளை போட்டதில் அம்மாவுக்கு வருத்தம். வகுப்பு இப்போது அறுபடுவதில்லை.