ரீப்பர்ல முதல் ரெக்கார்டிங்: சுருதி போட்டு, பாடி, எம்பி3 எடுக்குற வரைக்கும்

நல்லா பாடுறவங்க நிறைய பேர் ரெக்கார்டிங் சாஃப்ட்வேரை ஒரு தடவை திறந்து பார்த்துட்டு, இவ்ளோ பட்டன் இருக்கே எதை அமுக்குறதுன்னு மூடி வச்சிடுறாங்க. உங்க முதல் பாட்டுக்கு அதுல கொஞ்சம்தான் தேவை, அதை மட்டும் இங்க பார்ப்போம்.

நான் சொல்லப்போறது ரீப்பர். வின்டோஸ், மேக், லினக்ஸ் மூணுலயும் ஓடும், டவுன்லோடு ரொம்ப சின்னது, பழைய லேப்டாப்ல கூட தாராளமா வேலை செய்யும். இதை ஆரம்பிச்சவர் ஜஸ்டின் ஃபிராங்கல், அந்தக் காலத்துல எல்லார் கம்ப்யூட்டர்லயும் இருந்த வின்ஆம்ப் பண்ணவரும் அவர்தான். 60 நாள் எந்த வசதியும் குறையாம இலவசமா யூஸ் பண்ணலாம், அப்புறம் தனிநபர் லைசன்ஸ் 60 டாலர். மேக் வச்சிருக்கவங்க கேரேஜ்பேண்ட்லயே ஆரம்பிக்கலாம், தப்பே இல்ல. ஏதாவது ஒண்ணுல உக்காந்து ஒரு பாட்டை முடிங்க, எது பெஸ்ட்னு வீடியோ பாத்துக்கிட்டே இருந்தா பாட்டு வராது.

பொருள்னு பார்த்தா ஒரு ஆடியோ இன்டர்ஃபேஸ் (மைக்கை கம்ப்யூட்டரோட இணைக்கிற சின்ன பெட்டி), ஒரு மைக், ஒயர் வச்ச ஹெட்ஃபோன். ப்ளூடூத் ஹெட்ஃபோன் வேண்டவே வேண்டாம், சத்தம் லேட்டா வந்து சேரும், தாளத்தோட பாடவே முடியாது. கண்டென்சர் மைக்னா (மெல்லிய சத்தத்தையும் பிடிக்கிற, கரண்ட் தேவைப்படுற மைக்) இன்டர்ஃபேஸ்ல 48 வோல்ட் பட்டனை போடணும், இல்லேன்னா சத்தமே வராது. ரோட்டோரம் வீடு, ஹாரன் சத்தம் ஜாஸ்தின்னா எஸ்எம்58 மாதிரி டைனமிக் மைக் நல்லது, சுத்தி இருக்குற சத்தத்தை அவ்வளவா இழுக்காது.

படி 1: டிரைவர்

வின்டோஸ்னா இன்டர்ஃபேஸ் கம்பெனி சைட்ல இருந்து அந்த மாடலோட ஆசியோ டிரைவரை (சத்தம் லேட்டாகாம இன்டர்ஃபேஸும் சாஃப்ட்வேரும் பேசிக்க உதவுறது) போடுங்க. அப்புறம் ரீப்பர்ல கண்ட்ரோல் + பி அமுக்கி ஆடியோ, டிவைஸ் போய், ஆடியோ சிஸ்டம்ங்கிற இடத்துல ஆசியோ செலக்ட் பண்ணி உங்க இன்டர்ஃபேஸ் பேரை எடுங்க. மேக்ல டிரைவர் தலைவலி பெரும்பாலும் கிடையாது.

அங்கேயே பஃபர் சைஸ்னு ஒண்ணு இருக்கும், அது புரிஞ்சா பாதி குழப்பம் போயிடும். கம்ப்யூட்டர் சத்தத்தை துண்டு துண்டா வாங்கித்தான் வேலை செய்யும், ஒரு துண்டு எவ்ளோ பெருசுங்கிறதுதான் பஃபர். 48000 சாம்பிள் ரேட்ல, அதாவது செகண்டுக்கு 48000 தடவை சத்தத்தை அளக்கும்போது, பஃபரை 256 சாம்பிள் வச்சா ஒரு துண்டு 5 மில்லிசெகண்டுக்கு கொஞ்சம் மேல, 1024 வச்சா 21 மில்லிசெகண்டு, அதுவும் உள்ள போக ஒரு தடவை வெளிய வர ஒரு தடவைன்னு ரெண்டா ஆகும். அதனாலதான் நம்ம குரலே நமக்கு எதிரொலி மாதிரி பின்னாடி கேக்குது. பாடும்போது 128 இல்ல 256 வைங்க, படபடன்னு வெடிக்கிற மாதிரி சத்தம் வந்தா ஒரு படி ஏத்துங்க. பாடி முடிச்சு மிக்ஸ் பண்ணும்போது (ட்ராக்குகளோட சத்தத்தை சரி பண்ணி சேர்க்கும்போது) 1024 போட்டுக்கலாம், அப்போ லேட்டானா ஒண்ணும் ஆகாது.

படி 2: பாடுறதுக்கு முன்னாடியே சேவ்

கண்ட்ரோல் + எஸ் அமுக்கும்போது கீழ சப்டைரக்டரி உருவாக்கவான்னு ஒரு டிக் பாக்ஸ் வரும், அதை கட்டாயம் டிக் பண்ணுங்க. அப்பதான் நீங்க பாடுற ஒவ்வொரு ஆடியோ ஃபைலும் அந்த பாட்டோட ஃபோல்டருக்குள்ளேயே போகும். பிராஜக்ட் ஃபைலுக்குள்ள ஆடியோ கிடையாது, எந்த ஃபைல் எங்க இருக்குங்கிற குறிப்பு மட்டும்தான் இருக்கும், அதனால அதை மட்டும் பென் டிரைவ்ல எடுத்துட்டு போனா அங்க திறக்கும்போது குரல் இருக்காது. ஃபோல்டரை முழுசா தூக்கிட்டு போகணும்.

அடுத்து ஆல்ட் + என்டர் அமுக்கி சாம்பிள் ரேட்டை 48000ன்னு வச்சுக்கோங்க. ரெக்கார்டிங் 24 பிட்ல இருந்தா போதும், மோனோ குரலுக்கு ஒரு நிமிஷத்துக்கு 8.6 எம்பி தான் ஆகும்.

படி 3: சுருதியும் தாளமும்

கர்நாடக சங்கீதம் கத்துக்குறவங்களுக்கு இது ரொம்ப பிரயோஜனமான இடம். ட்ராக் மெனுவுல வர்ச்சுவல் இன்ஸ்ட்ருமெண்ட்டோட புது ட்ராக்னு எடுத்து ரியாசிந்த் செலக்ட் பண்ணுங்க, அது ரீப்பர் கூடவே வர்ற ஒரு சின்ன சிந்தசைசர். மேல டைம்லைன்ல நாலு நிமிஷத்துக்கு இழுத்து செலக்ட் பண்ணி, இன்சர்ட் மெனுவுல புது மிடி ஐட்டம் (எந்த ஸ்வரம், எவ்ளோ நேரம்னு குறிச்சு வைக்கிற துண்டு) போட்டு, அதை டபுள் க்ளிக் பண்ணா ஸ்வரங்களை கோடா வரையுற பியானோ ரோல் திறக்கும். 1 கட்டைன்னா சி, 2 கட்டை டி, 5 கட்டைன்னா ஜி. உங்க கட்டைக்கு ஷட்ஜமம், பஞ்சமம், மேல் ஷட்ஜமம் மூணையும் நீளமா கோடு இழுத்து விடுங்க, 1 கட்டைன்னா சி, ஜி, மேல் சி. இந்தோளம், ஸ்ரீரஞ்சனி மாதிரி பஞ்சமம் இல்லாத ராகம்னா ஜிக்கு பதிலா மத்யமம், அதாவது எஃப். ரியாசிந்த்ல சா டூத் மிக்ஸ்ங்கிற ஸ்லைடரை கொஞ்சமா ஏத்துனா வெறும் பீப் சத்தமா இல்லாம கொஞ்சம் நிறைவா வரும். தம்புரா நாதம் இதுல கிடைக்காது, ஆனா சுருதி நிக்கும். நல்ல தம்புரா ரெக்கார்டிங் இருந்தா அந்த ஃபைலை அப்படியே இழுத்து ரீப்பர்ல போடுங்க, கரோக்கி ட்ராக்குக்கும் இதேதான்.

தாளத்துக்கு மெட்ரோனோம் பட்டனை ஆன் பண்ணி பிபிஎம் (நிமிஷத்துக்கு எத்தனை தட்டு) 70ல ஆரம்பிங்க. டைம் சிக்னேச்சரை (ஒரு சுத்துக்கு எத்தனை தட்டுங்கிறதை) 4/4ன்னு விட்டா ஆதி தாளத்துல ஒரு ஆவர்த்தனத்துக்கு ரெண்டு தடவை அழுத்தம் விழும், பாடுறவங்களுக்கு சமம் எதுன்னு குழம்பும். அதை 8/4ன்னு மாத்துங்க, அழுத்தம் சமத்துல மட்டும் வரும். ரூபகத்துக்கு 3/4, மிஸ்ர சாபுக்கு 7/8.

படி 4: பாடுறது

கண்ட்ரோல் + டி அமுக்கி புது ட்ராக், "குரல்"னு பேர் வைங்க. அந்த ட்ராக்கை ரெக்கார்டிங்குக்கு தயார் பண்ற சிவப்பு ஆர்ம் பட்டனை அமுக்கி, இன்புட்ல மோனோ, இன்புட் 1 எடுங்க. இன்டர்ஃபேஸ்ல டைரக்ட் மானிட்டர் (கம்ப்யூட்டருக்கு போகாமலே குரலை ஹெட்ஃபோனுக்கு அனுப்புறது) இருந்தா அதை ஆன் பண்ணிட்டு ரீப்பர்ல மானிட்டர் பட்டனை ஆஃப் பண்ணிடுங்க, குரல் லேட் ஆகாம நேரா காதுக்கு வரும், ரெண்டும் ஆன்ல இருந்தா இரட்டையா கேக்கும்.

இப்போ லெவல். பாட்டுலயே உச்ச ஸ்தாயி வர்ற வரியை முழு குரல்ல பாடிக்கிட்டே இன்டர்ஃபேஸ்ல மைக் சத்தத்தை கூட்டி குறைக்கிற கெயின் குமிழை திருகுங்க, ட்ராக்ல இருக்குற மீட்டர் −12லிருந்து −6 டிபிக்குள்ள நிக்கணும். 0 தாண்டி சிவப்பு விழுந்தா குரல் உடைஞ்சு போச்சுன்னு அர்த்தம், அதை எந்த பிளகின்னாலயும் (சத்தத்தை மெருகேத்துற கூடுதல் கருவி) முழுசா சரி பண்ண முடியாது. கம்மியா இருந்தா பிரச்னையே இல்ல, 24 பிட்ல பின்னாடி தாராளமா ஏத்திக்கலாம்.

ஃபேனை நிறுத்துங்க, ஃப்ரிட்ஜ் பக்கத்துல இருந்தா கதவை சாத்துங்க. துணி நிறைய இருக்குற பீரோவை திறந்து வச்சு அது உங்க முதுகுக்கு பின்னாடி வர்ற மாதிரி நில்லுங்க, மைக் முக்கியமா உங்க பின்பக்கம் இருந்து திரும்பி வர்ற எதிரொலியைத்தான் பிடிக்கும். மைக்குக்கும் வாய்க்கும் ஒரு சாண் தூரம், நேரா இல்லாம கொஞ்சம் சாய்ச்சு. அப்பதான் "பா" வர்ற இடத்துல எல்லாம் காத்து டப்புனு அடிக்காது. நான் கேட்ட வீட்டு ரெக்கார்டிங் எல்லாத்துலயும் நல்லதையும் சுமாரையும் பிரிக்கிறது இந்த ஒரு பத்திதான், விலை ஜாஸ்தி மைக் இதுக்கு அப்புறம்தான்.

கண்ட்ரோல் + ஆர் அமுக்கி பாடுங்க. ஒரு வரி தப்புனா நிறுத்தாம அதே வரியை மறுபடி பாடிட்டு போங்க, பின்னாடி வெட்டிக்கலாம். ஸ்பேஸ் பார் அமுக்கினா நிக்கும், ஃபைலை வச்சுக்கவான்னு கேக்கும், சேவ் ஆல் குடுங்க.

படி 5: வெட்டுறது, கொஞ்சமா மெருகு

மவுஸ் வீலை உருட்டினா ஜூம் ஆகும். தப்பான இடத்துல ரெண்டு பக்கமும் எஸ் அமுக்கி வெட்டி டிலீட், நல்லா பாடுனதை நகர்த்தி வைங்க. மூச்சு எடுக்குற இடத்துல வெட்டினா ஒட்டு தெரியாது, கமகத்துக்கு நடுவுல வெட்டினா கண்டிப்பா தெரியும். மூச்சை மொத்தமா அழிச்சிடாதீங்க, மனுஷன் பாடுற மாதிரியே இருக்காது.

அப்புறம் ட்ராக்ல எஃப்எக்ஸ் பட்டன், ரியாஇக்யூ (கீழ், மேல் சத்தங்களை கூட்டி குறைக்கிற இக்வலைசர்). முதல் பேண்டை ஹை பாஸா மாத்தி 80லிருந்து 100 ஹெர்ட்ஸுக்குள்ள வைங்க, கீழ இருக்குற உறுமல் போயிடும். அடுத்து சத்தமான இடத்தை அடக்குற ரியாகாம்ப், எவ்ளோ அடக்கணும்ங்கிற ரேஷியோ 3, எந்த அளவுக்கு மேல அடக்கணும்ங்கிற த்ரெஷோல்டை மெதுவா இறக்கி சத்தமான வரிகள்ல 3, 4 டிபி குறையுற மாதிரி. ரிவர்ப் (பெரிய ஹால்ல பாடுற மாதிரி எதிரொலி) வேணும்னா ரியாவெர்பேட், இருக்கான்னு சந்தேகம் வர்ற அளவுக்கு மட்டும். சுருதி ட்ராக்கோட ஃபேடரை (சத்த அளவு ஸ்லைடர்) நல்லா இறக்குங்க, குரல் நிக்கும்போதுதான் அது காதுக்கு தெரியணும்.

படி 6: வெளிய எடுக்குறது

கண்ட்ரோல் + ஆல்ட் + ஆர், ரெண்டர் விண்டோ வரும். மெட்ரோனோமை ஆஃப் பண்ணிட்டீங்களான்னு ஒரு தடவை பாருங்க. 24 பிட் வேவ் ஒண்ணு எடுத்து பத்திரமா வைங்க, வாட்ஸ்அப்ல அனுப்ப எம்பி3 320 கேபிபிஎஸ்ல ஒண்ணு. அதை ஃபோன் ஸ்பீக்கர்ல போட்டு ஒவ்வொரு வார்த்தையும் புரியுதான்னு கேளுங்க, புரியலைன்னா ரிவர்பை குறைச்சு குரல் ஃபேடரை ஒரு டிபி ஏத்தி மறுபடி ரெண்டர் பண்ணுங்க.